வீராணத்தில் தோணி விட்டோம்

நெய்வேலியில் குடியிருக்கும் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயருக்குத் தோணி விடும் ஆசை எப்படி வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் தண்ணீர் என்பது விரோதி. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கும் நீர், மேலே உள்ள மண்பாரத்தை எடுத்துவிட்டால் சுரங்கத்தின் அடித்தளத்தையே பிளந்துகொண்டு வரப் பார்க்கும். ஆகையால் இரவு பகல் என்று பாராமல் பம்புகள் அதை இறைத்து வெளியே கொட்டிக்கொண்டே இருக்கின்றன. 1956-ஆம் ஆண்டில் நிலக்கரி ஸ்தாபனம் ஏற்பட்டதன் பிறகு எழுந்த இந்த நகரத்தின் வாழ்வே தண்ணீரை வெளியேற்றுவதில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. அந்த நீர் வீணாகாமல் பரவனாற்று வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயல்களுக்கு உதவுகிறது என்பது வேறு விஷயம். எங்கள் பிள்ளைகளுக்கோ தண்ணீர் என்றால் குழாய். குழாய் என்றால் தண்ணீர். அலை என்பதை அவர்கள் கடலூர்க் கடற்கரையில்தான் கண்டிருக்கிறார்கள்.

ஆசை உண்டானது நமக்கு அன்று, நம்முடைய குமாரிக்கு. பதினைந்து வயதுப் பெண். சென்ற கோடை விடுமுறையில் ‘பொன்னியின் செல்வ’னை எடுத்து உட்கார்ந்தாள். 1950-ல் கல்கி தொடங்கிய அந்தத் தொடர்கதை, ஆடிப் பதினெட்டன்று வீர நாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரை மேல் வருவதோடு ஆரம்பமாகிறதென்பதை வாசகர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. முதல் அத்தியாயம் முடிந்ததும் புஸ்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, “அப்பா, அந்த ஏரி இங்கேயிருந்து எவ்வளவு தூரம்?” என்று கேட்டாள்.

“சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில். சுமார் இருபத்தைந்து கிலோ மீட்டர் இருக்கும்.”

“கரை மேலே போனால் போதாது. தண்ணீர் மேலே போகணும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், தோணியில்.”

“பார்க்கலாம்” என்றோம்.

தமிழ்நாட்டுத் தகப்பனார்களின் வாயில் “பார்க்கலாம்” என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நம் குமாரி அந்த அர்த்தத்தை ஒப்புக்கொள்கிறவள் அல்ல. சமையற்கட்டிலிருந்து நம் இல்லாள் எட்டிப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. நாம் ஏன் பார்க்கலாம் என்று சொன்னோம் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

அந்தக் காரணத்தை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். இருபத்தாறு வருஷங்களுக்கு முன்னால் நாம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஸ்நேகிதர்கள் ஆறு பேராக ஒரு காயலுக்கு உல்லாசமாகப் போயிருந்தோம். நாலு பேர் ஏறத்தக்க படகில் ஆறு பேர் ஏறினோம். நடுவே போனபோது கடற்காற்று எழும்பியது. படகின் விளிம்பைத் தாண்டி ஒரு கை நீர் உள்ளே விழுந்தது. “திரும்பிவிடலாம்” என்று சொல்ல நமக்கு நாக்கின் நுனி வரையில் வந்தது. சொன்னால் மற்ற ஐந்து பேரும் பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பார்களே என்று விழுங்கிவிட்டோம். கால் மணி நேரத்தில் படகு கவிழ்ந்தது. ஐந்து பேர் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு கிடந்தோம். எங்களில் நன்றாக நீந்தத் தெரிந்தவன் ஒருவன்தான் உதவி கொண்டுவருகிறேன் என்று கரையை நோக்கி நீந்தினான். அவன் கரை சேரவில்லை.

பிற்பாடு அந்த ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் மனம் விட்டுப் பேசியபோது வெளிப்பட்ட உண்மை இதுதான்: எல்லாருக்குமே திரும்பிவிடலாம் என்று தோன்றியிருந்தது. யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு நாம் எந்தப் படகிலும் கால் வைத்ததில்லை.

இந்த நிலையில் நம் பழைய மாணாக்கர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் இப்போது அமெரிக்காவில் டுலூத் என்ற ஊரில் உத்தியோகத்தில் இருக்கிறார். அந்த ஊர் சுப்பீரியர் ஏரியின் மேற்குக் கோடியில் இருக்கிறது. நன்னீர் ஏரிகளில் பரப்பினால் உலகத்திலேயே பெரியது அது. சுமார் 82,000 சதுர கிலோ மீட்டர். தமிழ்நாட்டையே ஐந்து பங்காக வைத்தால் மூன்று பங்குக்கு மேல் அந்த ஏரிக்குள் அடங்கிவிடும். 1975-ஆம் வருஷம் நவம்பர் 10-ஆம் தேதி, 729 அடி நீளமுள்ள ‘எட்மண்டு பிட்ஸ்ஜெரால்டு’ என்ற சரக்குக் கப்பல் அந்த ஏரியில் புயலில் சிக்கி இருபத்தொன்பது பேரோடு மூழ்கியது. கப்பலுக்கே அந்தக் கதி என்றால் சிறு படகைப் பற்றிச் சொல்வானேன்? நம் மாணாக்கரும் அவருடைய நண்பர்களும் கோடையில் கரையோரமாகச் சிறு படகில் இரண்டு நாள் பிரயாணம் போக உத்தேசித்து, அதற்காக நான்கு மாதமாகத் திட்டமிடுகிறார்களாம்.

அவர் எழுதிய செய்திகளில் நம் மனத்தில் தைத்தவை சில உண்டு. அங்கே ஜூன் மாதத்தில் கூட நடு ஏரியில் தண்ணீர் நான்கைந்து டிகிரிதான் இருக்குமாம். ஆகையால் வெயிலைப் பார்த்து உடை உடுத்தக்கூடாது. தண்ணீரைப் பார்த்து உடுத்த வேண்டும். அத்தகைய குளிர்ந்த நீரில் விழுந்தவனுக்கு முதல் ஒரு நிமிஷம் மூச்சை அடக்கி நிலைப்படுவதற்கே போய்விடும். அடுத்த பத்து நிமிஷம் வரை கை கால் சொன்னபடி கேட்கும். சுமார் ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பும். நீந்தத் தெரியுமா என்பதைக் காட்டிலும் மிதக்கும் சட்டை போட்டிருக்கிறானா என்பதே முக்கியம். பிரயாணத்தின் விவரம் முழுவதையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். கடைசியாக, எந்த நேரத்தில், எந்தக் காற்றில் திரும்புவது என்பதைக் கரையில் இருக்கும்போதே தீர்மானித்துவிட வேண்டும். தண்ணீரின் மேல் போன பிறகு மனிதனுடைய புத்தி அவனுக்குச் சொந்தமில்லை என்று முடித்திருந்தார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை நாம் மூன்று தடவை படித்தோம். பிறகு கடிதத்தை இல்லாளிடம் நீட்டினோம். அவள் படித்துவிட்டு, “இப்படியெல்லாம் செய்வதானால் போய்விட்டு வாங்க. ஆனால் நான் கரையில்தான் இருப்பேன்” என்றாள். அனுமதி கிடைத்துவிட்டது.

அன்று முதல் வீராணம் எங்கள் வீட்டில் பாடமாயிற்று. முதற் பராந்தக சோழனுக்கு வீர நாராயணன் என்று ஒரு விருதுப் பெயர் உண்டு. அவன் 907 முதல் 955 வரை ஆண்டவன். அவனுடைய புதல்வன் இராஜாதித்தன், படையோடு திருமுனைப்பாடி நாட்டில் தங்கியிருந்த காலத்தில் வீரர்களைக் கொண்டே இந்த ஏரியை வெட்டுவித்தான் என்பது பரம்பரையாக வரும் செய்தி. அந்த இராஜாதித்தன் 949-ல் தக்கோலப் போரில் யானை மேலிருந்தபடியே மாண்டுபோனான். அவன் பெயரால் உலகில் நிற்பது வாளன்று, ஏரி! ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக அது சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையில் தேங்கி, வடவாற்றின் வழியாக இதில் வந்து நிரம்புகிறது. 2004-ஆம் ஆண்டிலிருந்து இது சென்னை நகரத்துக்கும் குடிநீர் கொடுக்கிறது. நாள் ஒன்றுக்கு 18 கோடி லிட்டர் வரையில் அனுப்பும்படியாக ஏற்பாடு. சேத்தியாத்தோப்பிலிருந்து குழாயில் ஏறும் அந்த நீர், எங்கள் ஊருக்குப் பக்கத்து வடக்குத்து கிராமத்தில் சுத்தி செய்யப்பட்டுத்தான் பட்டணத்துக்குப் போகிறது. ஒரு புறம் நாங்கள் தண்ணீரை வெளியே தள்ளுகிறோம். அடுத்த புறம் அதே தண்ணீரைப் பொன் போலக் காத்து இருநூறு கிலோ மீட்டருக்கு அப்பால் அனுப்புகிறார்கள்!

குமாரி ஒரு நாள் பத்திரிகையைக் கொண்டுவந்து, “ஏரியில் நாற்பத்தேழரை அடித் தண்ணீராம் அப்பா, அவ்வளவு ஆழமா?” என்று கேட்டாள். இந்தச் சந்தேகம் பெரியவர்களுக்கும் உண்டு. 47.50 அடி என்பது ஏரியின் ஆழம் அன்று. கடல் மட்டத்திலிருந்து அளந்த நீர்மட்டத்தின் உயரம். ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. அதைப் பரப்பால் வகுத்துப் பார்த்தால், சராசரி ஆழம் ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்துக்குள் அடங்கிவிடும். வீட்டுக் கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் பன்னிரண்டு வயதுப் பையன், “அப்படியானால் பயமே இல்லை!” என்று குதித்தான். அங்கேதான் தவறு. ஆழமில்லாத அகன்ற நீர்ப்பரப்பில் காற்று எழும்பினால் அலை நீண்டு எழாமல் நெருங்கி நெருங்கிச் செங்குத்தாக எழும். சிறு தோணி ஒன்றைத் தாண்டுவதற்குள் அடுத்தது வந்து மோதும். அடியில் சேறு; கால் ஊன்றி நிற்கலாம் என்று நினைப்பவனின் காலை அது பிடித்துக்கொள்ளும். மேலும், சராசரி என்பது எங்கும் ஒரே அளவு என்று பொருளாகாது. சராசரி ஆழத்தை நம்பி ஆற்றைக் கடந்தவன் கதையைக் கணக்கு வாத்தியார்கள் வகுப்பில் சொல்வதுண்டு.

எந்த மாதத்தில் போவது? கதையில் வருகிறபடி ஆடிப் பதினெட்டன்றுதான் போகவேண்டும் என்றாள் குமாரி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை நினைவூட்டினோம். மேற்கேயிருந்து வீசும் அந்தக் காற்று, நான்கைந்து கிலோ மீட்டர் அகலத்தையும் கடந்து வந்து கிழக்குக் கரையில் அலையை அறைந்துகொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். ஆகவே தை மாதத்தில், ஏரி நிரம்பி மழை ஓய்ந்திருக்கும் ஒரு நாளின் அதிகாலை என்று முடிவாயிற்று.

தை மாதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. அப்போது காற்று வடகிழக்கிலிருந்து வரும். கிழக்குக் கரையின் உயர்ந்த மண் அணை அந்தக் காற்றை மறைத்துக்கொள்வதால் கரையோரத்தில் நீர் கண்ணாடி போலத் தோன்றும். அதை நம்பி நடுவே போனால்தான் காற்று தெரியும். தெரியும்போது அது தோணியைக் கரைக்கு எதிர்ப்புறமாகத் தள்ளும். எனவே கரையிலிருந்து அதிக தூரம் விலகக்கூடாது. முதலில் வடக்கே எதிர்காற்றில் போய், களைத்துத் திரும்பும்போது பின்காற்றோடு வரவேண்டும். திறந்திருக்கும் மதகின் அருகே போகவே கூடாது.

குமாரியின் “இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை” என்ற திட்டம் இப்போது கணக்குக்கு வந்தது. கரையின் நீளம் சுமார் 16 கிலோ மீட்டர். கழியூன்றியும் துடுப்புப் போட்டும் மணிக்கு மூன்று கிலோ மீட்டர் போகலாம் என்று வைத்தாலும் ஐந்து மணி நேரத்துக்கு மேலாகும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். அவளே பென்சிலை எடுத்துப் பதினாறை அடித்துவிட்டு நான்கு என்று எழுதினாள். நான்கு கிலோ மீட்டர் வடக்கே போவது. ஆனால் எங்கே இருந்தாலும் காலை எட்டரை மணிக்குத் திரும்பிவிடுவது.

மற்ற ஏற்பாடுகளை அதிகம் விவரிக்கவில்லை. ஏரியை அறிந்த மீனவர் ஒருவருடைய தோணியைப் பேசினோம். நீர்வளத் துறையாருக்கு எழுதிக் கொடுத்து, மதகுகளின் விவரத்தையும் கேட்டுக்கொண்டோம். மிதவைச் சட்டை நான்கு வாங்கினோம். அவற்றைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் கூடத்தில் உலாவியபோது, “இரண்டு தலையணைக்குக் கை கால் முளைத்திருக்கிறது” என்றாள் இல்லாள். தோணியில் எழுந்து நிற்பதில்லை. படம் எடுக்க ஒரு பக்கமாகச் சாய்வதில்லை. கவிழ்ந்தால் யாரும் கரைக்கு நீந்துவதில்லை, தோணியையே பற்றிக்கொள்வது என்று விதிகள் எழுதினோம். கடைசி விதியை எழுதும்போது மட்டும் பேனா சிறிது நின்றது. அது இதுதான்: “தோணியில் இருப்பவர்களில் யார் வேண்டுமானாலும் ‘திரும்பலாம்’ என்று சொல்லலாம். சொன்னவரை யாரும் காரணம் கேட்கக்கூடாது, சிரிக்கக்கூடாது.”

குமாரி அதைப் படித்துவிட்டு நம் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கு நாம் அந்தப் பழைய கதையைச் சொன்னோம்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஐந்து மணிக்கு வாடகைக் காரில் புறப்பட்டோம். வடலூரைத் தாண்டும் வரையில் பனி மூட்டம் சாலையை மறைத்துக்கொண்டிருந்தது. சுப்பீரியர்வாசிகளுக்கு இது வசந்த காலமாகத் தோன்றும். எங்களுக்கோ பல் கிட்டியது. ஏரியின் கிழக்குக் கரையில் ஏறி நின்றபோது பிள்ளைகள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எதிர்க்கரை என்று ஒன்று தெரியவே இல்லை. வெள்ளைப் பனியும் வெள்ளைத் தண்ணீரும் எங்கே சேர்கின்றன என்று பிரித்தறிய முடியவில்லை. நீர்க்காகங்கள் சில பட்டுப்போன மரக் கொம்புகளில் சிறகை விரித்து உட்கார்ந்திருந்தன.

இல்லாள் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். அதில் தோணியின் நிறம், ஏறியவர்கள், புறப்பட்ட நேரம், திரும்பும் நேரம் எல்லாம் இருந்தன. ஒன்பதரைக்குள் வராவிட்டால் தீயணைப்பு மீட்புப் பணியாளரைக் கூப்பிடுவது என்று அடியில் கோடிட்டிருந்தது. ஏழு மணிக்குத் தோணி நகர்ந்தது. நம் கைகள் விளிம்பைப் பற்றியிருந்த விதத்தைப் பார்த்துத் தோணிக்காரர், “சாருக்கு முதல் தடவையா?” என்றார். “ரொம்ப நாளைக்குப் பிறகு” என்றோம்.

ஒரு மணி நேரம் சுகமாகவே போயிற்று. கழி ஊன்றும் சப்தத்தைத் தவிர வேறு சப்தமில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மண் சுமந்தவர்களின் தலைச்சுமை எத்தனை கோடி இருக்கும் என்று பையன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். குமாரி நீரில் விரலை விட்டு எடுத்தாள். பனி விலகியது, தொலைவில் மேற்கே ஒரு மெல்லிய பச்சைக் கோடு தெரிந்தது.

எட்டு மணி சுமாருக்கு நீர்ப்பரப்பின் மேல் கருமையாக ஓர் சிலிர்ப்பு ஓடியது. நாம் அதைக் கவனிக்கவில்லை, கடிகாரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தோம். எட்டரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டோம். தோணிக்காரர் வடகிழக்கே பார்த்தார். கழி ஊன்றினார். மறுபடி பார்த்தார். குமாரிதான் கேட்டாள்: “என்ன அண்ணா, அங்கேயே பார்க்கிறீங்க?”

“ஒண்ணுமில்லை பாப்பா. காத்து கொஞ்சம்...” என்று சொல்லி நம்மைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்த நிறுத்தத்தை நாம் அறிவோம். இருபத்தாறு வருஷங்களாக அறிவோம். “திரும்பலாம்” என்றோம். குரல் நம்முடையது போல ஒலிக்கவில்லை. யாரும் காரணம் கேட்கவில்லை. அவர் உடனே தோணியைத் திருப்பினார்.

திரும்பிய பிறகுதான் காற்றின் சொரூபம் தெரிந்தது. வடகிழக்கில் மேகம் ஒன்று கரிய சுவர் போல எழும்பியிருந்தது. பின்காற்று முன்னே தள்ளியது உண்மைதான்; ஆனால் கரையை விட்டு மேற்கேயும் தள்ளியது. அவர் கழியை விட்டுத் துடுப்பை எடுத்தார். நாமும் ஒன்றை எடுத்தோம். இரண்டு முறை அலை உள்ளே விழுந்தது. பிள்ளைகள் தகரக் குவளையால் இறைத்தார்கள். அரை மணி நேரம் நாங்கள் நால்வரும் பேசவில்லை. அணையின் மறைவுக்குள் வந்ததும் காற்று, கதவைச் சாத்தியது போல நின்றுவிட்டது. நாம் தோணியை விட்டு இறங்கியபோது மழையின் முதல் துளிகள் விழுந்தன.

கரையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது தோணிக்காரர் மெதுவாகச் சொன்னார்: “எட்டு மணிக்கே சொல்லணும்னு நெனச்சேன் சார். நீங்க வாத்தியார், காசு குடுத்து, புள்ளைங்களை ஆசையாக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. நான் எப்படிச் சொல்றதுன்னு...”

நமக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கடைசி விதியை நாம் நம் வீட்டார் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினோம். ஏரியை எங்கள் எல்லாரையும் விட நன்றாக அறிந்த ஒரே மனிதருக்கு மட்டும் சொல்லவில்லை. அவர் கூலிக்கு வந்தவர், நாம் படித்தவர் என்கிற எண்ணம் நம்மை அறியாமலே அங்கே வேலை செய்திருக்கிறது. காயலில் ஸ்நேகிதர்களின் சிரிப்புக்கு அஞ்சி நாம் வாய் மூடினோம். வீராணத்தில் நம் மரியாதைக்கு அஞ்சி அவர் வாய் மூடினார். அன்று முடிந்தது போலவே இன்றும் முடிந்திருக்கும், ஒரு சிறு பெண் கேள்வி கேட்டிராவிட்டால்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அடுத்த தடவை முதலில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் நாங்கள் கேட்போம்” என்றோம். அவர் சிரித்துக்கொண்டு, “அடுத்த தடவையும் உண்டா சார்?” என்றார். அந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லுமுன் குமாரி, “வருகிற தையில்” என்று சொல்லிவிட்டாள்.

நான்கு கிலோ மீட்டர் என்று போட்ட திட்டத்தில் மூன்றைக் கூட எட்டியிருக்க மாட்டோம். டுலூத்துக்கு இதை அப்படியே எழுதியிருக்கிறோம். தோணிக்காரருக்கும் விதிகளை வாசித்துக் காட்ட வேண்டும் என்ற திருத்தத்தையும் சேர்த்திருக்கிறோம். இல்லாள் நம்மிடம் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். “திரும்பிய நேரம்” என்ற இடத்தில் 8.50 என்று தன் கையால் எழுதியிருந்தாள். அந்த எழுத்து சற்றுக் கோணலாக இருந்தது; மேகத்தைக் கரையிலிருந்து அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கிறாள்? பிறகு, மத்தியானத்துக்கென்று கட்டி வந்த இட்லிப் பொட்டலத்தைக் காரிலேயே பிரித்தாள். ஒன்பது மணிக்கே ஒன்றும் மிஞ்சவில்லை.